சோளகம் எழும்பினால் சாகிற வயர்

பிரியவதனிக்கு அன்று மத்தியானம் இரண்டு காரியம் நடக்க வேண்டியிருந்தது. மூன்றரை மணிக்குள் கணினிக்கு இன்ரநெற் ஒழுங்காக வர வேண்டும். பக்கத்து வளவு லவன் நாசமாய்ப் போக வேண்டும். எது முதலில் நடந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

கரம்பொன் ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டபோது மணி இரண்டு பத்து. அவள் படலைக்கு ஓடினாள். முதலில் இறங்கியது துஷாந்தி. நாற்பது வயது, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, ஊர்காவற்றுறையில் கணினி திருத்தும் கடை. பழுதான கணினியைத் திறந்தால் அதற்குப் பின்னால் பழுதான மனிதர்களும் இருப்பார்கள் என்பதைப் பத்து வருட அனுபவத்தில் கண்டுகொண்டவள். தீவுப்பகுதியில் களவுபோன சங்கிலி முதல் கள்ளக் கையெழுத்து வரை பொலிசுக்குப் போகுமுன் அவளுடைய கடைக்குத்தான் வந்தன. பின்னால் கருவிப் பையோடு இறங்கியவன் நிருபன். ஓட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டுக்கும் பிறேக் குறைவு.

"தங்கச்சி, வருத்தம் வயருக்கோ, ஆளுக்கோ?" என்றான்.

"பக்கத்து வளவில ஒரு நாய் நிக்குது. அதுக்குத்தான் வைத்தியம் வேணும்," என்றாள் பிரியவதனி.

துஷாந்தி சிரிக்கவில்லை. "முதல் வயரைப் பாப்பம். நாயைப் பிறகு பாப்பம். மூண்டரைக்கு என்ன?"

பிரியவதனி நடந்துகொண்டே சொன்னாள். இங்கிலாந்தில் இருக்கும் ஒரு வைத்திய நிலையத்துக்கு அவள் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். நோயாளிகளின் அழைப்பை எடுத்து, கதை கேட்டு, வைத்தியரிடம் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். நோயாளிகளின் விபரம் வெளியே போகக் கூடாது என்பதால் நிபந்தனை அதிகம். படம் எடுத்து அனுப்பிப் பதிந்த ஒரே அறையில்தான் இருக்கலாம். இணைப்பு வயரில்தான் வர வேண்டும். கைபேசியில் இருந்து இழுத்துக் கொடுப்பதெல்லாம் செல்லாது. மூன்று வாரமாக அழைப்புகள் நடுவில் அறுந்து அறுந்து, இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. இன்று மூன்றரையிலிருந்து ஒரு மணி நேரம் மேலாளர் கூடவே இருந்து பார்க்கப் போகிறாள். ஒருதரம் அறுந்தாலும் வேலை இல்லை.

"வேலை போனா என்ன செய்வீர்?"

"கனடாவுக்குப் போகவேண்டியதுதான். அம்மா அண்ணையிட்டப் போய் ஒரு வருசம். அண்ணை எல்லாம் ஒழுங்கு செய்துபோட்டு, வா வா எண்டு நிக்கிறார். வேலை இருக்கிறபடியாத்தான் ஏலாது எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். எனக்குப் போக விருப்பமில்லை, அக்கா. இது அம்மா எனக்கு எழுதித் தந்த வீடு. அந்த லவனுக்குப் பயந்து பூட்டிப்போட்டுப் போகவோ?"

லவன் அவளுக்கு அன்னியன் அல்ல. இறந்துபோன அப்பாவின் வழியில் சொந்தக்காரன்தான். ஏழு வருடத்துக்கு முன் எல்லை வேலியை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளினான் என்று தொடங்கிய சண்டை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மை இல்லை. அதையாவது மன்னிக்கலாம். மூன்று வருடத்துக்கு முன் நாரந்தனை மாப்பிள்ளை வீட்டோடு அவளுக்கு முற்றாக்கிய கல்யாணத்தை ஒரு மொட்டைக் கடிதம் குழப்பியது. பெயர் போடாத அந்தக் கடிதத்தை அவள் கண்ணால் காணவில்லை. கூட இருக்கும் தாய்மாமன் ஐயாத்துரைதான் நாரந்தனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "லவன்ர கையெழுத்துத்தான் பிள்ளை" என்றார். அன்றிலிருந்து லவனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் விழுந்து எழும்ப வேண்டும் என்று நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மூன்று வருடமாக அவன் சொகுசாகத்தான் ஓடித் திரிந்தான். இப்போது அவளுடைய பிழைப்பிலும் கை வைத்திருக்கிறான்.

வீட்டின் முன் விறாந்தையில் ரவுட்டர் இருந்தது. வெளியிலிருந்து வரும் இன்ரநெற்றை வாங்கி வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி. துஷாந்தி தன் மடிக்கணினியை நேரே அதில் சொருகிப் பார்த்தாள். ஓடியது.

"பெட்டி சுகம். உம்மட அறை எங்க?"

அறை பின் வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில், தனியாக நின்றது. முன் வீட்டின் தடித்த கல்லுச் சுவரைத் தாண்டி வயர் இல்லாத இணைப்பு அங்கே வந்து சேராது. அதனால் சித்திரை மாதம் வேலணையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, விறாந்தை ஜன்னலால் வயரை வெளியே எடுத்து, எல்லை வேலியோடு, அதைத் தாங்கும் பன்னிரண்டு கதியால் தடியில் கட்டிக் கட்டி அறைக்குள் இறக்கியிருந்தாள்.

துஷாந்தி அறைக்குள் குனிந்து கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். வயர் நுழையும் இடத்தில் ஒரு பச்சை லைற் மினுங்கிக்கொண்டிருந்தது. "இந்த லைற் இருந்தா வயர் உயிரோட இருக்கு. இப்ப இருக்குதே."

"இப்ப இருக்கும். நீங்கள் வந்திட்டியள் எண்டு அவனுக்குத் தெரியும்." பிரியவதனி ஒரு கொப்பியை நீட்டினாள். அறுந்த நேரம் ஒவ்வொன்றும் நாளும் மணியும் போட்டு எழுதியிருந்தது. "பாருங்கோ. எல்லாம் ரெண்டு மணிக்கும் அஞ்சு மணிக்கும் இடையில. அவன் சாப்பிட வீட்டை வாற நேரம். போன செவ்வாயும் புதனும் ஒருதரமும் அறுகேல்லை. அந்த ரெண்டு நாளும் அவன் வவுனியாவில. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"வடிவா எழுதியிருக்கிறீர்," என்று துஷாந்தி கொப்பியை நிருபனிடம் நீட்டினாள். "போன செவ்வாய், புதன். உனக்கு என்ன ஞாபகம்?"

நிருபன் நாடியைத் தடவினான். "நெடுந்தீவுப் படகால இறங்கிற சனத்தைக் குறிகட்டுவானிலயிருந்து ஏத்திறது நான்தானே அக்கா. செவ்வாயும் புதனும் ஆரும் கடலாட்டத்தில என்ர ஓட்டோவுக்க சத்தி எடுக்கேல்லை. மற்ற எல்லா நாளும் எடுத்தவை. திங்கள் ரெண்டு பேர். வியாழன் ஒரு முழுக் குடும்பம்."

"வியாழன் எத்தினைதரம் அறுந்திருக்கு?"

பிரியவதனி பார்த்தாள். "பதினொண்டு."

"முழுக் குடும்பம்தான்," என்றான் நிருபன்.

"கடல் குழம்பின நாளெல்லாம் உம்மட வயரும் குழம்பியிருக்கு," என்றாள் துஷாந்தி. "மத்தியானம் சோளகக் காத்து எழும்ப வயர் சாகுது. காத்து விழ உயிர் வருது."

"அப்ப லவன் இல்லையெண்டோ சொல்லுறியள்?"

அவளுடைய குரல் உயர்ந்துவிட்டது. மூன்று வருடம் பாலூற்றி வளர்த்த வெறுப்பை ஒரு காற்றிடம் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

நிருபன் அறைக் கதவால் எட்டிப் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் படலையும் ஒழுங்கையும் தெரியும். "லவன் அண்ணை உந்த ஒழுங்கையில மோட்டார் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டு நிக்கிறார். ரெண்டு கையும் கிறீஸ். மூண்டாவது கை இருந்தாச் சொல்லுங்கோ, போய்ப் பிடிக்கிறன்."

அந்த நேரம் பார்த்து வெளியே வடலிப் பனைகள் சலசலத்தன. சோளகம் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பச்சை லைற் இரண்டுதரம் துடித்தது, பிறகு அணைந்தது. ஒழுங்கையில் லவன் இன்னும் செயினோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிரியவதனிக்கு அழுகை வந்தது. அது வேலைக்காக வந்த அழுகையா, அவன் தப்பிவிட்டான் என்பதற்காக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

தேத்தண்ணித் தட்டோடு மாமா வந்தார். ஐயாத்துரைக்கு அறுபத்திரண்டு வயது. வெள்ளை வேட்டி, தோளில் லேஞ்சி, இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து. தட்டை மேசையில் வைத்த கையோடு சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்தார். பொலிசுக்கு அவரே எழுதிய முறைப்பாடு. நாலு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. பிரியவதனி கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"வயரைப் பாத்து என்ன பிள்ளையள் செய்யிறது? இது லவன்ர வேலை. இண்டைக்கே இதைக் குடுத்தா அவனை உள்ள போடுவாங்கள். இல்லாட்டி விடு பிள்ளை, நீ கனடாவுக்குக் கொண்ணையிட்டப் போ. வீட்டை நான் பாக்கிறன். இந்த நாயளோட நீ ஏன் மல்லுக்கட்டுவான்?"

"வேலி வடிவா இருக்கு ஐயா," என்றாள் துஷாந்தி ஜன்னலால் பார்த்தபடி. "புது ஓலை. எப்ப அடைச்சது?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "ஆனியில. இவ வேலைப் பயிற்சிக்கெண்டு கொழும்பில ரெண்டு கிழமை நிக்கேக்க. கூலிக்கு ஆள் கிடைக்கேல்லை. தனி ஆளா நிண்டு ரெண்டு நாளில முழு வேலியையும் அடைச்சனான். வயரும் வெயிலுக்குப் பழுதாப் போகும் எண்டு ஓலைக்குள்ள மறைச்சு விட்டனான்."

"லவன் அண்ணை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவனோட எனக்கு என்ன கதை? ஏழு வருசமா ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. அவன்ர வளவுக்க நான் கால் வைச்சதும் இல்லை. செத்தாலும் வையன்."

நிருபன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். "சீனி குறைவு. கோபம் கூட. ஆனா நல்லாயிருக்கு ஐயா."

துஷாந்தி பையிலிருந்து உள்ளங்கை அளவில் இரண்டு துண்டுப் பெட்டி எடுத்தாள். ஒன்றை விறாந்தையில் வயரின் ஒரு நுனியிலும் மற்றதை அறையில் மறு நுனியிலும் சொருகினாள். வயருக்குள்ளே எட்டு இழை ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு லைற். எட்டும் வரிசையாக எரிந்தால் வயர் சுகம். காற்று ஓய்ந்திருந்த அந்த நிமிடத்தில் எட்டும் எரிந்தன.

"நிருபன், நீ போய்ச் சோளகமா இரு."

அவன் முன் வீட்டுப் பக்கமிருந்து தொடங்கி, ஒவ்வொரு கதியாலுக்கும் இடையில் ஓலையைப் பிடித்து உலுப்பிக்கொண்டு வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. லைற் அசையவில்லை. ஆறு, ஏழு. பிரியவதனி பெட்டியைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாம் கதியாலுக்கும் ஒன்பதாம் கதியாலுக்கும் நடுவில் உலுப்பியபோது மூன்றாம் லைற்றும் ஆறாம் லைற்றும் செத்தன.

"அதுதான் இடம்," என்று அவள் கத்தினாள்.

துஷாந்தி அங்கே குந்தியிருந்து ஓலையை விரித்தாள். இரண்டு அடுக்கு ஓலைக்கு நடுவில் வயர் கிடந்தது. சித்திரையில் அதைக் கதியாலோடு கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டுகள் வெட்டி விழுத்தப்பட்டுக் கிடந்தன. வயரின் தோலில் மூன்று துளை, சாண் இடைக்குள் வரிசையாக. ஒரு துளைக்குள்ளால் வேலிக் கயிறு நேரே போய் மறுபக்கம் இறங்கியிருந்தது. காற்றுக்கு வேலி அசையும்போது கயிறு இழுத்தது. இழுக்க, பாதி அறுந்த இழைகள் விலகின.

"குத்தூசி," என்றான் நிருபன் மெதுவாக. வேலி அடைக்கிற ஒரு முழ நீள இரும்பு ஊசி.

"ஐயோ, தெரியாமக் குத்துப்பட்டுப் போச்சுது போல," என்றார் மாமா பின்னால் நின்று. "வயசு போட்டுது பிள்ளை. கண்ணும் மங்கல்."

பிரியவதனிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. தனியாக வெயிலில் நின்று வேலி அடைத்த மனிதர். அவரைப் போய்க் குறை சொல்லலாமா? லவன் மேலிருந்த கோபம் இறங்க இடமில்லாமல் நின்றது.

துஷாந்தி வேலியோடு நடந்து மேலும் கீழும் பார்த்தாள். வந்து நிருபனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் வாயைத் திறக்காமல் ஒழுங்கைக்குப் போனான். அவன் வாயைத் திறக்காமல் போவதைப் பார்த்ததும்தான் பிரியவதனிக்கு இது சின்னக் காரியமில்லை என்று பட்டது.

"பிரியவதனி, இந்த வேலியில கட்டு எவ்வளவுக்கு ஒண்டு?"

"முழத்துக்கு ஒண்டு."

"இந்த ஒரு இடத்தில மட்டும் சாணுக்குள்ள மூண்டு குத்து. மூண்டில ஒண்டுக்குத்தான் கயிறு. மற்ற ரெண்டு குத்தும் வேலிக்காகக் குத்தேல்லை. வயருக்காகக் குத்தினது. முழுதா அறுத்தா ஒரு நாளில பிடிபட்டிருக்கும். அரைகுறையாக் குத்தினபடியா மூண்டு கிழமை நீர்தான் வேலை தெரியாத ஆள் எண்டு பேர் எடுத்தனீர்."

"அப்ப லவன்தான். நான் சொன்னனான். அவன் அந்தப் பக்கத்தால..."

"துளையைப் பாரும். இந்தப் பக்கம் பெரிசு, அந்தப் பக்கம் சின்னன். ஊசி இஞ்சயிருந்து போயிருக்கு." துஷாந்தி எழும்பினாள். "ஐயா, வேலி தனியத்தான் அடைச்சனீங்கள்?"

"ஓம். அதுதானே சொன்னனான்."

"இஞ்ச நிண்டு ஊசியைக் குத்தினது நீங்கள். அங்க நிண்டு ஊசியை வாங்கித் திருப்பிக் குத்தினது ஆர்?"

மாமா லேஞ்சியை உதறி மற்றத் தோளில் போட்டார்.

பிரியவதனி வேலியைப் பார்த்தாள். பிறந்த நாள் தொட்டுப் பார்த்த வேலி. ஒவ்வொரு வருடமும் அடைக்கிறதைப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளே நிற்பவர் கயிறு கோத்த ஊசியை ஓலைக்குள்ளால் அனுப்புவார். வெளியே நிற்பவர் வாங்கி, தடியைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். கணவனும் மனைவியும் அடைப்பார்கள், கூலிக்காரர் இரண்டு பேர் அடைப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், "தனி ஆளா நிண்டு அடைச்சனான்" என்று மாமா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது அவளுக்கு ஏன் உறைக்கவில்லை? மாமா சொன்னால் நம்பிப் பழகியிருந்தாள், அவ்வளவுதான்.

"நான்... நான் சுத்திப் போய்ப் போய்க் கட்டினனான்."

"அந்த வளவுக்க ஏழு வருசமாக் கால் வைக்கேல்லை எண்டு இப்பதான் சொன்னீங்கள். செத்தாலும் வையன் எண்டும் சொன்னீங்கள்." துஷாந்தியின் குரல் உயரவில்லை. "இன்னொண்டு. இந்தப் பக்கம் ஒரு முடிச்சும் இல்லை. அவ்வளவு முடிச்சும் அங்கால. ஆற்றையோ கை ரெண்டு நாளா அங்கால இருந்து முடிச்சுப் போட்டிருக்கு."

"கூலிக்கு ஒரு பெடியனைப் பிடிச்சனான். மறந்துபோனன்."

"லவன் அண்ணையின்ர வளவுக்க நிண்டு, லவன் அண்ணைக்குத் தெரியாமல், ரெண்டு நாள்?"

மாமா படலைப் பக்கம் ஒரு அடி வைத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு லவனின் குரல். ஏழு வருடத்தில் அந்த வளவிலிருந்து இந்த வளவுக்கு வந்த முதல் குரல்.

"ஐயாத்துரையண்ணை. வயரைக் குத்தினது நான் எண்டோ பொலிசுக்கு எழுதிக் குடுக்கிறியள்? உவன் ஓட்டோக்காரன் வந்து சொல்லுறான், நாலு பக்கம் எழுதியிருக்கிறியளாம். ஊசி பிடிச்சது நீங்கள். நான் முடிச்சு மட்டும்தான் போட்டனான். பெட்டை வேலையை விட்டுப்போட்டுக் கனடாவுக்குப் போனா, கிணத்தடியோட சேத்து நாலு பரப்பு எனக்கு எண்டு சொன்னது ஆர்? மிச்ச வளவும் வீடும் உங்களுக்கு எண்டு சொன்னது ஆர்? இப்ப மறியலுக்கு மட்டும் நான் தனியப் போறதோ?"

ஒழுங்கையில் நிருபன் ஓட்டோவில் சாய்ந்து நின்றான். "நான் சும்மா சுகம் விசாரிச்சனான் அக்கா," என்றான்.

பிரியவதனி மாமாவைப் பார்த்தாள். அவர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார், முகத்தைத் துடைத்தார், பிறகு லேஞ்சியை மடித்தார். அவளைப் பார்க்கவில்லை. மூன்று வருடமாகப் பக்கத்து வளவைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள், அந்த முழு நேரமும் பிசாசுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். குழம்பு ஆறிவிட்டதா என்று கேட்டுக் கேட்டுப் போட்டிருக்கிறாள். லவனை வெறுத்ததைவிடப் பத்து மடங்கு வெறுப்பு ஒரே மூச்சில் திரும்பி மாமாவின்மேல் ஏறியது. லவனின்மேல் இருந்ததும் குறையவில்லை. இரண்டு பேருக்கும் அவளிடம் தாராளமாக இருந்தது.

"மணி மூண்டாகுது," என்றாள் துஷாந்தி. "பழுதான துண்டை வெட்டி எறிஞ்சுபோட்டு நடுவில ஒரு இணைப்புப் போடலாம். கால் மணித்தியால வேலை. ஆனா வயர் வேலிக்குள்ள தைபட்டுக் கிடக்கு. கத்தியால வெட்டி இழுத்தா நல்ல பக்கமும் போகும். கட்டை அவிழ்க்கவேணும்."

"அவிழ்ப்பினம்," என்றாள் பிரியவதனி.

அவள் போய்ப் படலையை அகலத் திறந்தாள். ஒழுங்கையால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அன்ரனிட்டா காலை ஊன்றி நின்றாள். கரம்பொன்னில் அவளுக்குத் தெரிந்த விஷயம் மாலைக்குள் வேலணைக்குத் தெரியும். பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பிரியவதனி அவர்களைப் போகச் சொல்லவில்லை. கொட்டிலிலிருந்து குத்தூசியை எடுத்து வந்து மாமாவின் கையில் வைத்தாள்.

"கட்டின ரெண்டு பேரும் அவிழுங்கோ. மாமா இந்தப் பக்கம். லவன் அண்ணை அந்தப் பக்கம்."

"பிள்ளை, ஆக்கள் பாக்கினம்."

"ஓம் மாமா. வடிவாப் பாக்கட்டும்."

லவன் போய்விடத்தான் பார்த்தான். நிருபன் அந்த நாலு பக்கக் கடதாசியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். லவன் திரும்பி வந்து குந்தினான்.

அடுத்த பத்து நிமிடமும் ஒழுங்கையே நின்று பார்த்தது. எதிரிகள் என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்த இரண்டு பேர், வேலிக்கு இரண்டு பக்கமும் முழங்காலில் நின்று ஒருவரையொருவர் பார்க்காமல் கட்டு அவிழ்த்தார்கள். பார்க்காமல் அவிழ்த்தாலும் கை பழகிய கை. மாமா ஊசியால் நெம்பும் இடத்தில் லவனின் விரல் முதலே வந்து நின்றது. முடிச்சு இளகியதும் கயிறு தானாக இந்தப் பக்கம் வந்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன வடிவா வேலை செய்யினம்," என்றான் நிருபன். "ஏழு வருசம் கதைக்காத ஆக்கள் எண்டு ஆரும் சொல்லமாட்டினம்."

அன்ரனிட்டா சைக்கிள் மணியை ஒருதரம் அடித்துவிட்டு வேலணைப் பக்கம் மிதித்தாள். மாமா தலையை நிமிர்த்தவேயில்லை.

இரண்டு கதியால் அகலத்துக்கு ஓலை விழுந்ததும் துஷாந்தி வயரை உருவினாள். பழுதான துண்டை வெட்டினாள், இரண்டு நுனியிலும் இழைகளை நிற வரிசைப்படி அடுக்கிப் புதுத் தலை போட்டு நசுக்கினாள், நடுவில் இணைப்பைச் சொருகிச் சுற்றினாள். பெட்டியில் எட்டு லைற்றும் எரிந்தன. சோளகம் வளவைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தபோதும் எரிந்தன. மூன்று இருபத்தெட்டுக்குப் பிரியவதனி முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள்.

நாலரைக்கு வெளியே வந்தாள். ஒருதரமும் அறுபடவில்லை. மேலாளர் கடைசியில், இன்றைக்கு உமது குரலில் ஒரு உறுதி இருக்கிறது, இப்படியே செய்யும் என்றாளாம். வேலை தப்பியது. துஷாந்தி கிணற்றடியில் கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா அறை வாசலில் காத்திருந்தார்.

"பிள்ளை, நான் உன்ர நன்மைக்குத்தான். தனிப் பெட்டை, கொண்ணையோட போய் இருந்தா..."

"சாவியைத் தாங்கோ."

அவர் இடுப்பிலிருந்த கொத்தை அவிழ்க்க நேரமெடுத்தது. தந்தார்.

"அந்தக் கடதாசியையும்."

"எதுக்கு அது? அதில லவன்ர பேர்தானே கிடக்கு. பொலிசுக்குக் குடுக்கப் போறியோ?"

"பொலிசுக்கு நான் என்ர கையால எழுதுவன். ரெண்டு பேரையும் போட்டு எழுதுவன்." நாலு பக்கத்தையும் அவருடைய சட்டைப் பையிலிருந்து தானே எடுத்தாள். முத்து முத்தான எழுத்து. இந்த எழுத்தில்தான் மாமா அவளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பிகளில் பெயர் எழுதித் தந்தவர். "இது நாரந்தனைக்கு. அவையிட்ட ஒரு மொட்டைக் கடிதம் கிடக்குமெல்லே மாமா. நீங்கள் மட்டும் போய்ப் பாத்துக்கொண்டு வந்து, லவன்ர கையெழுத்து எண்டு சொன்னனீங்கள். அதுக்குப் பக்கத்தில இதை வைச்சுப் பாக்கப் போறன்."

மாமாவின் கை தன்பாட்டில் கடதாசியை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. பிறகு விழுந்தது.

இனி ஒத்துப் பார்க்கத் தேவையில்லை என்று பிரியவதனிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, வெளியே நின்ற மாமாவைக் கடந்து போய் ஓட்டோவில் துஷாந்திக்குப் பக்கத்தில் ஏறினாள்.

"நாரந்தனை," என்றாள் நிருபனிடம். "கெதியாப் போங்கோ அண்ணை. மூண்டு வருசம் பிந்திப்போச்சு."